கருக்கலைப்புச் சட்டம் (இலங்கை, சப்ரகமுவ தோட்டங்கள்)
இலங்கையில் கருக்கலைப்பை ஆள்வது அரசியலமைப்பு அன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்வது மட்டுமே விலக்கு. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை. வயிற்றில் பிள்ளை அசையத் தொடங்கியிருந்தால் ஏழு ஆண்டு வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளியே. இச்சட்டத்தை எழுதிய பிரித்தானியா 1967இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது.

1978 அரசியலமைப்பில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக இல்லை. கருவுக்கென உறுப்புரையும் இல்லை. அயர்லாந்து 1983இல் அத்தகைய உறுப்புரையைச் சேர்த்து, 2018இல் நீக்கியது. வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி முதலியவற்றால் உண்டான கருவுக்கு விலக்களிக்க 1995இல் எடுத்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் மீண்டும் எழுந்த முன்மொழிவு, கத்தோலிக்கத் திருச்சபை உள்ளிட்ட சமயத் தலைமைகளின் எதிர்ப்பில் முடங்கியது.

விவாதம் கொழும்பில். சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் கேள்வி வேறு: தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது, போனால் தமிழில் யார் பேசுவார், அன்றைய நாட்சம்பளம் என்னாகும்? கருக்கலைப்புக்குப் பின் இரத்தப்போக்கோடு வருபவளுக்குச் சிகிச்சையளிப்பது குற்றமன்று. ஆனால் பொலிஸ் பயம் அவளை லயத்திலேயே நிறுத்திவிடக்கூடும்.