சதுப்பில் எழுந்த சோலை

உதகைக்கு வருகிறவர்கள் பூப் பார்க்க நுழையும் தாவரவியல் பூங்கா பிறந்தது அடுப்படித் தேவையில். மலையில் குடியேறியிருந்த ஐரோப்பியர்கள் 1845-இல் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா கட்டி, மலிவாகக் காய்கறி கிடைக்க ஒரு தோட்டம் போட்டார்கள். அது நிலைக்கவில்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்துதான் பொதுத் தோட்டம் என்ற எண்ணம் வலுத்தது. சென்னை ஆளுநர் ட்வீடேல் பிரபுவின் ஆதரவும் கிடைத்தது. இங்கிலாந்தின் கியூ பூங்காவில் தொழில் பழகிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர் 1848-இல் பொறுப்பேற்றார்.

அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தோட்டம் என்று சொல்வதற்கில்லை. தொட்டபெட்டாச் சரிவின் மேற்பாதி அடர்காடு. கீழ்ப்பாதி கால் புதையும் சதுப்பு. நடுவே ஆழமான ஓடைகள். சேற்றை வடித்து, மேடு தட்டி, பாதை வெட்டி முடிக்க ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. இன்று குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்வெளிக்கு அடியில் இருப்பது, பெயர் பதிவாகாத எத்தனையோ கூலியாட்களின் உழைப்பு.

1860-களில் மலேரியாவுக்கு மருந்தான சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்க்கும் பொறுப்பும் மெக்கைவர் தலையிலேயே விழுந்தது. 1876-இல் அவர் மறைந்தார்.

1896-இல் முதல் மலர்க் கண்காட்சி நடந்தது. கோடை சீசனுக்கு அதுவே அடையாளமாயிற்று. பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகள் நின்றுபோன கண்காட்சி மீண்டும் தொடர்ந்து, 2023 மே மாதம் 125-ஆவது முறையாக நடந்தது.

தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில் உள்ள 55 ஏக்கரில் கண்ணாடி மாளிகை, பெரணிச் செடிகள், 2 கோடி ஆண்டு பழமையான கல்மரம், மேட்டில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து எனப் பார்க்க நிறைய உண்டு. கூட்டம் கண்ணாடி மாளிகையில்தான் மொய்க்கும். கல்மரத்தருகே சற்று நின்று பார்ப்பவர் குறைவு.

மே மாதப் பூவுக்கான பாடு மார்கழியிலேயே தொடங்கிவிடும். இரவு உறைபனி விழுந்தால் நாற்று கருகிவிடும். எனவே மாலையில் தொழிலாளர்கள் கோத்தகிரி மிலார் என்னும் செடிகளை ஒடித்துவந்து பாத்திகளின் மேல் கூரைபோலக் கவிழ்ப்பார்கள். விடியுமுன் புல்வெளியில் தண்ணீர் தெளிப்பான்கள் சுழலும். வெயில் ஏறிப் பனி கரைந்த பின்பே அந்த மிலார்க் கூரை விலகும்.