கல்வராயன் மலையில் எவலின் பிராண்ட்: பணி ஓய்வுக்குப் பின் ஒரு மிஷனரியின் வாரம்

எவலின் பிராண்ட் (1879–1974) இங்கிலாந்திலிருந்து தமிழகத்துக்கு வந்த கிறித்தவ மதப்பணியாளர், ஓவியர். கொல்லிமலையில் கணவர் ஜெசி பிராண்டுடன் பணியாற்றினார். மிஷன் அமைப்பிலிருந்து ஓய்வுபெற்றபின் கல்வராயன் உள்ளிட்ட மலைகளில் தனியாகத் தங்கி, ஏறத்தாழ கால் நூற்றாண்டு மருத்துவ உதவியும் மதப்பணியும் செய்தார். மலைமக்களிடையிலும் பிற்காலத்தில் உலகளவிலும் 'பிராண்ட் பாட்டி' என்று அறியப்பட்டார். தொழுநோய் அறுவை மருத்துவத்தின் முன்னோடியான பால் பிராண்ட் இவருடைய மகன்.

மகனைப் பற்றித் தமிழில் ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. தாயைப் பற்றி மிகக் குறைவு. அவர் பெயர் வரும் இடங்களிலும் கொல்லிமலைக் காலம்தான் பெரிதும் பேசப்படுகிறது. எழுபதை நெருங்கும் வயதில், சம்பளமும் அமைப்பும் இல்லாமல் அவர் தொடங்கிய இரண்டாம் வாழ்க்கையே வரலாற்று நோக்கில் கூடுதல் கவனத்துக்குரியது.

மலையும் ஜாகீரும்

சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையம் போன்ற சமவெளி ஊர்களிலிருந்து வடமேற்கே பார்த்தால் அடிவானத்தில் நீளக் கோடாகத் தெரிவது கல்வராயன் மலைத்தொடர். தெற்கே ஆத்தூர்ப் பள்ளத்தாக்கு. அதற்கு அப்பால் பச்சைமலையும் கொல்லிமலையும். கோமுகி, மணிமுக்தா ஆறுகள் கல்வராயன் மலையில் பிறந்து கள்ளக்குறிச்சிச் சமவெளிக்கு இறங்குகின்றன. மலைத்தொடருக்குச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பகுதிகள் உண்டு. முன்னது சராசரி 2700 அடி உயரம், பின்னது ஏறத்தாழ 4000 அடி.

இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரள மலையாளிகளுக்கும் தொடர்பில்லை. 'மலையை ஆள்பவர்' என்று பொருள் சொல்லப்படும் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர்களின் வழியினர் என்பது அவர்களின் தொன்மக்கதை. மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பட்டப்பெயர் கொண்ட மூவரும் தலைமுறை தலைமுறையாக வரி வாங்கி ஆண்டனர். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை என்பது வழக்கு. நாடு விடுதலை பெற்ற பிறகும் ஜாகீர் முறை இங்கே நீடித்தது. 1963-இல் ஒழிப்புச் சட்டம் வந்தும், 1976-இல்தான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. ஆகவே எவலின் பிராண்ட் அறிந்த கல்வராயன், பள்ளியோ மருத்துவமனையோ அரசு அலுவலகமோ எளிதில் எட்டாத ஜாகீர் மலை.

அடிவாரச் சமவெளிக்கு மிஷனரிகள் புதியவர்கள் அல்லர். டென்மார்க் மிஷன் 1860-களிலேயே தென்னார்க்காட்டில் மேல்பட்டாம்பாக்கத்தை மையமாகக் கொண்டு பணி தொடங்கியது. அதன் வழிவந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. பாண்டிச்சேரியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சு கத்தோலிக்கக் குருக்கள் அதற்கும் முந்தியவர்கள். ஆனால் மலைமேல் குடியேறித் தங்குவது வேறு. ஐரோப்பியருக்கு மலை என்றால் கொடைக்கானல், ஏற்காடு. வெயில் காலத்தில் ஓய்வெடுக்கப் போகும் இடம். காய்ச்சல் மிகுந்த, பாதையில்லாத கல்வராயன் போன்ற மலைகள் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கொல்லிமலைக் காலம்

லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்த எவலின் ஓவியம் பயின்றவர். முப்பது வயதைக் கடந்தபின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் தமிழகம் வந்தார். 1913-இல் அதே மிஷனைச் சேர்ந்த ஜெசி பிராண்டை மணந்து, கொல்லிமலையில் வாழவந்தி என்னும் ஊரில் குடியேறினார். கணவருக்குக் கொஞ்சம் மருத்துவப் பயிற்சி உண்டு. பல் பிடுங்குவது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, தச்சு, பயிர்த்தொழில், பள்ளி என எல்லாவற்றையும் இருவரும் செய்தனர். மதமாற்றம் என்ற அளவில் முதல் பல ஆண்டுகள் பலன் ஏதுமில்லை. காய்ச்சலில் இறந்துகொண்டிருந்த பூசாரி ஒருவர் தன் பெண்குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்ததே திருப்புமுனை என்று குடும்பத்தார் எழுதியுள்ளனர். ரூத் என்று பெயரிட்டு அக்குழந்தையை வளர்த்தனர்.

1923-இல் விடுப்பில் இங்கிலாந்து சென்றபோது, ஒன்பது வயது பாலையும் தங்கை கோனியையும் படிப்புக்காக அத்தைமாரிடம் விட்டுத் திரும்பினர். குழந்தைகள் தந்தையை மீண்டும் பார்க்கவில்லை. 1929 ஜூனில் ஜெசி கருநீர்க் காய்ச்சலில் 44 வயதில் இறந்தார். தந்தி முன்னால் வந்துவிட்டது. கப்பல் தபாலில் புறப்பட்ட தந்தையின் கடிதங்கள் அதன் பிறகும் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன என்று பால் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்து இங்கிலாந்து வந்திறங்கிய தாயை அவரால் உடனே அடையாளம் காண முடியவில்லை. சில ஆண்டுகளில் அவ்வளவு மூப்பு. மிஷனரி வரலாறுகள் இத்தகைய பிரிவைத் தியாகம் என்ற ஒரே சொல்லில் கடந்துவிடுவது வழக்கம். அதன் விலையில் பெரும்பங்கைக் குழந்தைகளும் கொடுத்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஓய்வு

பதினெட்டாம் நூற்றாண்டு மிஷனரிகளுக்கு ஓய்வு என்ற ஒன்று கிடையாது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்த சுவார்ட்ஸ், 1798-இல் தஞ்சையில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. பிஷப் கால்டுவெல் 1838-இல் சென்னை வந்தார். 1891-இல் பொறுப்பிலிருந்து விலகி, அதே ஆண்டு கொடைக்கானலில் இறந்து இடையன்குடியில் அடக்கமானார். நீராவிக் கப்பலும் சுயெஸ் கால்வாயும் வந்த பிறகு நிலை மாறியது. குறிப்பிட்ட ஆண்டுகள் பணி, பிறகு விடுப்பு, முதுமையில் ஊர்திரும்புதல் என்று மிஷன்கள் ஒழுங்கு செய்துகொண்டன.

கணவர் இறந்தபின் எவலினை மிஷன் பெரும்பாலும் சமவெளியிலேயே பணியமர்த்தியது. தனியொரு பெண் மலையில் தங்குவது பாதுகாப்பில்லை என்ற கணக்கு. ஆனால் கொல்லி, பச்சை, கல்வராயன், சித்தேரி, பெரியமலை என்னும் ஐந்து மலைகளுக்கும் செல்வது என்று கணவனும் மனைவியும் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அவற்றுள் ஒன்றில் மட்டுமே கால்பதித்திருந்தார்கள். 1947-இல் மிஷன் அவருடைய பணிக்காலத்தை நீட்டிக்க மறுத்தது. வயது 68. கெஞ்சி ஓராண்டு மட்டும் கொல்லிமலையில் இருக்க அனுமதி பெற்றார். அந்த ஆண்டு முடிந்து வழியனுப்ப வந்தவர்களிடம், மிஷனிலிருந்து ஓய்வு பெறுவதாகவும், ஆனால் ஊர் திரும்பப் போவதில்லை, கல்வராயனுக்குப் போவதாகவும் அறிவித்தார். அவரைத் தடுக்க இப்போது யாருக்கும் அதிகாரமில்லை. பணியில் இருந்தவரை எட்டாத மலை, ஓய்வு பெற்றதும் எட்டியது.

அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலேய ஆட்சி முடிந்த தருணத்தில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இந்தியாவில் தங்க முடிவெடுக்கிறார். பின்னால் கலெக்டர் துரையும் இல்லை, மிஷன் பங்களாவும் இல்லை. அடுத்த சில ஆண்டுகளில் அயல்நாட்டு மிஷனரிகள் குறித்த விவாதம் நாட்டில் சூடுபிடித்தது. மத்தியப் பிரதேச அரசு அமைத்த நியோகி குழுவின் 1956-ஆம் ஆண்டு அறிக்கை, மதமாற்றத்தை முதன்மை நோக்கமாகக் கொண்ட அயல்நாட்டு மிஷனரிகளைத் திருப்பியனுப்பப் பரிந்துரைத்தது. எவலினும் மதம் பரப்பவே வந்தவர். அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. இருந்தும் மலையூர்கள் அவரை ஏற்றன என்றால், அதற்குக் காரணம் அவருடைய வாரம் எப்படிக் கழிந்தது என்பதில் இருக்கிறது.

மலையில் ஒரு வாரம்

மிஷன் பங்களாவின் வாரத்துக்குக் கால அட்டவணை உண்டு. பள்ளி மேற்பார்வை, உபதேசியார் கூட்டம், கணக்கு, தலைமையகத்துக்குக் கடிதம், ஞாயிறு ஆராதனை. அமைப்பை விட்டு வெளியேறியவருக்கு ஞாயிறு ஒன்றைத் தவிர இவை எதுவும் கட்டாயமில்லை. அவருடைய நாட்களைத் தீர்மானித்தவை இரண்டு. ஒன்று பாதை, மற்றொன்று நோய்.

மலையூர்கள் தள்ளித்தள்ளி இருப்பவை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போக ஓடையில் இறங்கி மேட்டில் ஏறவேண்டும். எவலின் மலைக்குதிரை ஒன்றில் ஏறி, மருந்தும் படுக்கையும் உடன்வர, ஊர் ஊராகச் சென்று முகாமிட்டார். மண்சுவர்க் குடிசையே வீடு. போன ஊரில் முதலில் வருபவை பல்வலி, புண், காய்ச்சல், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு. மாலையில் கூடியவர்களுக்குப் படம் காட்டிக் கதை சொல்வதும் பாடுவதும் ஜெபமும். அவர் மருத்துவர் அல்லர். தேர்ந்த மருத்துவர் ஒருவரைக் காண மலையிறங்கி நெடுந்தொலைவு போகவேண்டியிருந்தவர்களுக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தோன்றியிருக்காது.

நோயில் முதன்மையானது நரம்புச் சிலந்தி. இதன் போக்கைத் தெரிந்துகொண்டால்தான் அவர் ஓர் ஊரில் ஏன் நாட்கணக்கில் தங்கவேண்டும் என்பது புரியும். கிணற்று நீரில் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளுக்குள் இப்புழுவின் இளவுயிரி இருக்கும். அந்த நீரைக் குடித்தவரின் உடலில் ஏறத்தாழ ஓராண்டு வளர்ந்து, மூன்றடி வரை நீளும் வெண்ணூல்போலக் காலில் கொப்புளம் உண்டாக்கி வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலை நீரில் வைப்பார். புழு உடனே ஆயிரக்கணக்கான குஞ்சுகளை நீரில் விடும். அடுத்த ஆண்டுக்கான நோய் அங்கே தயார். வெளிவரும் புழுவை இழுத்தால் அறுந்துவிடும், உள்ளே சீழ்பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாகச் சுற்றிக்கொண்டே வரவேண்டும். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்குப் பல வாரம். அவசரப்படும் மருத்துவருக்கு ஏற்ற நோயல்ல. இதற்கு மருந்தோ தடுப்பூசியோ இன்றுவரை இல்லை.

மருந்தில்லாத நோயைக் கல்லால் தடுக்கலாம். படியிறங்கி நீர் மொள்ளும் ஊற்றையும் கிணற்றையும் சுற்றிக் கல்சுவர் எழுப்பினால் யாரும் புண்காலை நீரில் வைக்கமுடியாது. ஊராரைப் பேசிப்பேசி இணங்கச் செய்து இச்சுவர்களைக் கட்டவைத்ததில் தன் தாய்க்குப் பெரும்பங்கு உண்டு என்றும், பரந்த மலைப்பகுதியிலிருந்து அந்நோய் மறைய அது காரணமானது என்றும் பால் பிராண்ட் எழுதுகிறார். இந்திய அரசு நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டத்தை 1980-களில்தான் தொடங்கியது. 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை அந்நோயற்ற நாடாக அறிவித்தது. அரசுத் திட்டத்தின் அடிப்படையும் நீர்நிலையைக் காப்பதுதான்.

பெற்றோர் இல்லாத, கைவிடப்பட்ட குழந்தைகளைத் தன்னிடம் சேர்த்துக்கொள்வதும் கொல்லிமலைக் காலத்திலிருந்து தொடர்ந்தது. இடைவேளைகளில் ஓவியம் வரைந்தார். மலையின் ஒளியை வரைவது அவருக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல. லண்டன் வாழ்க்கையிலிருந்து அவர் கூடவே கொண்டுவந்தது அது ஒன்றுதான்.

மூங்கில் கழிகள்

குதிரையிலிருந்து பலமுறை விழுந்திருக்கிறார். ஒரு விபத்துக்குப் பின் முழங்காலுக்குக் கீழே உணர்வும் வலுவும் குறைந்தன. 75 வயதில் குடிசைக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுவதும் தரையிலேயே கிடந்தார். காலையில் வேலையாள் வந்துதான் பார்த்தார். நால்வர் கயிற்றுக்கட்டிலில் சுமந்து மலையிறக்கினர். பிறகு குண்டும்குழியுமான சாலையில் ஏறத்தாழ 150 மைல் ஜீப் பயணம். பால் 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பினார். மருத்துவ உதவி ஒருநாள் தொலைவிலாவது இருக்கவேண்டும் என்று வாதிட்டார். தனக்குப் பதிலாக வேறொருவர் வந்தால் இறங்கிவருகிறேன் என்பதே தாயின் பதில். பதிலாள் வரவில்லை.

அதன்பின் இரு கைகளிலும் மூங்கில் கழி ஊன்றியே நடந்தார். தொண்ணூறைத் தாண்டியும் குதிரையில் சென்றார். அதுவும் இயலாதபோது ஊரார் சுமந்து சென்றனர். முதுமை அவருக்கு மலையில் ஒரு தகுதியாகவே அமைந்தது என்று எண்ண இடமுண்டு. இளம் வெள்ளைக்காரப் பெண் என்றால் துரைசாணி. எழுந்து நிற்கப் பிறர் கைபிடிக்கவேண்டிய கிழவி பாட்டி. அவர் மலைமக்களுக்கு உதவினார் என்பதே நூல்களில் மேலோங்கியிருக்கிறது. கட்டில் சுமந்தவர்கள், சமைத்தவர்கள், குதிரைக்கு வழிகாட்டியவர்கள் பற்றி ஓரிரு வரிகளே உள்ளன. அவர்கள் இல்லாமல் அந்த வாரங்களில் ஒன்றுகூட நகர்ந்திருக்காது. இவ்வரலாற்றை எழுதியவர்கள் மகனும் அயல்நாட்டு எழுத்தாளர்களும் என்பதால் வந்த சாய்வு இது.

தன் முகத்தைக் குறித்த கவலையை அவர் முன்பே விட்டிருந்தார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் கண்ணாடி கிடையாது என்கிறார் பால். சுருக்கம் விழுந்த அந்த முகத்தோடு ஊர்த்திண்ணையில் உட்கார்ந்து பேச, சுற்றிலும் தரையில் மக்கள் அமர்ந்து கேட்கும் காட்சியே தாயைப் பற்றிய தன் முதன்மையான நினைவு என்றும் எழுதுகிறார்.

மறைவு

பால் பிராண்ட் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். தாய் மலையிலேயே இருந்தார். 1974 டிசம்பரில் 95-ஆவது வயதில் எவலின் பிராண்ட் மறைந்தார். கொல்லிமலையில், 45 ஆண்டுகளுக்கு முன் கணவரை அடக்கம் செய்த இடத்துக்கு அருகே புதைக்கப்பட்டார். சவப்பெட்டி வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்ததால், மலைமக்கள் ஒரு பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் இறக்கினர்.