இரட்சிப்பின் வாசல்: ஒரு கொள்கையின் வரலாறு

நம் குடும்பங்கள் பலவற்றில் அண்ணன் தேவாலயத்திற்குச் செல்வார். அக்காள் மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்பார். மைத்துனர் பஞ்சசீலம் ஏற்ற பௌத்தராய் இருப்பார். இத்தகைய வீட்டில் வளரும் இளைஞர் உள்ளத்தில், "கிறிஸ்துவை ஏற்றவர்க்கே இரட்சிப்பு எனில், என் உடன்பிறந்தார் கதி யாது?" என்னும் வினா எழுதல் இயல்பே. விடை தேடுமுன், அக்கொள்கை கடந்து வந்த பாதையை அறிதல் நலம்.

திருச்சபைக்கு வெளியே இரட்சிப்பு இல்லை என்னும் கருத்தை மூன்றாம் நூற்றாண்டில் வலியுறுத்தியவர், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான். அவர் அதனைப் பிற சமயத்தாரை நோக்கிக் கூறினாரல்லர். சபையைப் பிளந்து சென்ற கிறிஸ்தவர்களை எண்ணியே கூறினார். அவரே 258-இல் உரோம ஆட்சியினரால் தலை வெட்டுண்டு மாண்டார். துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையோர் தம் ஒற்றுமைக்காக எழுப்பிய குரல் அது.

அதிகாரம் பெற்ற சபையின் கையில் அக்குரல் வேறு பொருள் கொண்டது. புறச்சமயத்தாரும் யூதரும் சாகுமுன் திருச்சபையில் சேராவிடில் நித்திய வாழ்வு அடையார் என்று 1442-இல் புளோரன்சுப் பொதுச்சங்கம் அறிவித்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1492-இல் கொலம்பஸ் அமெரிக்கப் பகுதியை அடைந்தார். நற்செய்தியைக் கேட்க வாய்ப்பே பெறாத மக்கள் அங்கே பெருந்திரளாக வாழ்ந்தனர். கேளாதது அவர் குற்றமா என்று இறையியலார் சிந்திக்கலாயினர்.

இருபதாம் நூற்றாண்டில் பாஸ்டன் நகரக் குரு லெனார்ட் பீனி பழைய கொள்கையைக் கடுமையாகப் போதித்தார். 1949-இல் ரோமாபுரி அவ்விளக்கம் தவறென உரைத்தது. அழைத்தும் வாராமையால் 1953-இல் அவரே சபைக்கு வெளியே தள்ளப்பட்டார். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாது, நேர்மையாகக் கடவுளைத் தேடுவோரும் மீட்படையக்கூடும் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. எனினும் கிறிஸ்துவே ஒரே மீட்பர் என்னும் நம்பிக்கையைச் சபை கைவிடவில்லை. 2000-இல் வெளியிட்ட ஏட்டிலும் அதனை உறுதிப்படுத்தியது.

சீர்திருத்தச் சபையாரிடையே இவ்வழக்கு நம் தாம்பரத்திலேயே எழுந்தது. 1938 டிசம்பரில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டுக்கென டச்சு அறிஞர் ஹென்றிக் கிரேமர் எழுதிய நூல், கிறிஸ்துவில் வெளிப்பட்டதற்கும் பிற சமயங்களுக்கும் தொடர்ச்சி இல்லை என்றது. பி. செஞ்சையா, வி. சக்கரை முதலிய சென்னைக் கிறிஸ்தவர்கள் அவ்வாண்டிலேயே மறுப்பு நூல் வெளியிட்டனர்.

ஆயினும் நாம் கேட்க வேண்டிய வினா இன்னொன்று உண்டு. வெளியே நிற்போர் கதி பற்றி அறிஞர் வழக்காடுகையில், உள்ளே வந்த நம் முன்னோர் தமிழகத் தேவாலயங்கள் பலவற்றில் தனியிடத்தில் அமர்த்தப்பட்டனர். சாதி வேற்றுமையைச் சபையில் உடனே ஒழிக்குமாறு 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் எழுதியபோது, உயர்சாதிக் கிறிஸ்தவர் பலர் பணிய மறுத்தனர். ஒரே வாசல் என்று நம்பியோரே, உள்ளே இருவகை இருக்கை வைத்தனர்!

1935-இல் இயோலாவில் மதமாற்ற முடிவை அறிவித்த அண்ணல் அம்பேத்கர், 1956-இல் நாகபுரியில் பௌத்தம் தழுவும் வரை 21 ஆண்டுகள் ஆராய்ந்தார். சமத்துவம் தருமா என்பதே அவர் கைக்கொண்ட அளவுகோல்.

இளைஞர்களே! கிறிஸ்துவையே இரட்சகராய் நம்புவோரை இகழ்தல் அழகன்று. பிற வழி நிற்போரை இழிவாய் எண்ணுதலும் அழகன்று. எந்நெறியாயினும், மறுமையின் வாசலைக் காட்டுமுன் இம்மையில் தன் வாசற்படியில் மாந்தரைச் சமமாய் நிறுத்துகிறதா என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவது கல்வியே.