தைலமரமும் கெட்ட காற்றும்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு மலேரியாவின் பெயர் 'பலுதீஸ்ம்'. சதுப்பு நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்தது. 'மலேரியா'வோ இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று பொருள். காய்ச்சலுக்குக் காரணம் காற்றா, தேங்கிய நீரா? இந்த ஐயத்தில் எத்தனையோ உயிர்கள் போயின.

ரோமுக்கு வெளியே த்ரே ஃபொந்தானே என்றொரு பழைய மடம். கோடையில் காய்ச்சலுக்குப் பயந்து யாரும் அங்கே தங்கமாட்டார்கள். 1868-இல் அது, பிரான்சில் தோன்றிய திராப்பிஸ்ட் சபைத் துறவிகள் கைக்கு வந்தது. அவர்கள் ஆஸ்திரேலியத் தைலமரங்களை ஆயிரக்கணக்கில் நட்டார்கள். இலையின் வாசனை கெட்ட காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அக்கால நம்பிக்கை. தைலமரம் நிறைய நீரை உறிஞ்சும். ஈர நிலம் காயக் காயக் கொசு பெருக இடம் குறையும். பலன் இருந்தது என்றால் அது வேரால், வாசனையால் அல்ல. ஆனாலும் காய்ச்சல் முழுதும் ஒழியவில்லை.

1880-இல் அல்ஜீரியாவின் கோன்ஸ்தாந்தீன் நகரில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவெரான், நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காற்றின் மேலிருந்த பழி நீங்கியது.

எங்கள் வீட்டிலும் பாட்டி தினமும் மாலையில் நொச்சி இலைப் புகை போடுவார். கொசு சற்று விலகும். கொல்லைத் தொட்டியில் தேங்கிய தண்ணீரை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. என் தம்பி குளிர்காய்ச்சலில் நடுங்கிப் படுத்த பிறகுதான் அப்பா அதைக் கவிழ்த்தார்.

புகை போடுங்கள், தைலம் பூசுங்கள். முதலில் தொட்டியைப் பாருங்கள்.