எதோடு ஒப்பிட்டீர்கள்? அட்லாண்டாவின் புள்ளியியல் பாடம்

1896இல் அமெரிக்காவில் ஒரு புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஃபிரடெரிக் ஹாஃப்மன், ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தின் புள்ளியியலாளர். கறுப்பின மக்களின் இறப்பு விகிதங்களை அட்டவணை அட்டவணையாக அடுக்கி, 'இது அந்த இனத்தின் இயல்பு, அது அழிந்துபோகும்' என்று முடிவு கட்டினார். கறுப்பினத்தவருக்குக் காப்பீடு மறுப்பதற்கு அந்த அட்டவணைகள் நியாயம் கற்பித்தன.

எதிர்த்து எழுதியவர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ். அவர் எண்களைக் கண்டு ஒதுங்கவில்லை. எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேட்டார். வெள்ளையர் வாழும் ஐரோப்பிய நகரங்கள் சிலவற்றிலும் இறப்பு விகிதம் அதே அளவுக்கு இருப்பதை 1897இல் எடுத்துக்காட்டினார். அப்படியானால் காரணம் பிறப்பு அல்ல, வாழும் சூழல்.

அதே ஆண்டு அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பணிக்குச் சேர்ந்தார். கறுப்பினப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கிய இடம் அது. அவரே மாணவப் பருவத்தில், கோடை விடுமுறைகளில் டென்னசி கிராமத்துப் பள்ளியில் பாடம் நடத்தியவர்தான். அட்லாண்டாவில் ஆண்டுக்கு ஒரு பொருள் என்று ஆய்வு நடந்தது. 1901இல் கறுப்பினப் பிள்ளைகளின் பொதுப்பள்ளிகள். படித்த கறுப்பினத்தவர் பலர் ஊதியம் வாங்காமல் தரவு திரட்டினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சிக்காக மாணவர்களோடு சேர்ந்து சுமார் 60 வரைபடங்களைக் கையாலேயே தயாரித்தார்: நிலவுடைமை, எழுத்தறிவு, தொழில். தங்கப் பதக்கம் கிடைத்தது.

1946இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு பாய்ஸுக்குத்தான்.

நம் பள்ளிகளில் பத்தாம் வகுப்பிலேயே புள்ளியியல் இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியருக்கான பயிற்சி சூத்திரத்தோடு நின்றுவிட்டால், சராசரி எதை மறைக்கிறது என்று பிள்ளைகளுக்கு யார் சொல்வது? 2011 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 73 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடம் 66. அவர்களில் பெண்களிடம் சுமார் 56. மூன்றும் ஒரே கணக்கெடுப்பின் எண்கள். கரும்பலகையில் முதல் எண்ணை மட்டும் எழுதினால் சேரிப் பெண் காணாமல் போகிறாள்.

எல்லாச் சாதிகளின் எண்ணிக்கையும் கடைசியாக வெளியானது 1931இல். 2027 கணக்கெடுப்பில் மீண்டும் எல்லோரிடமும் சாதி கேட்கப்படுகிறது. இத்தகைய பணிக்கு வீடு வீடாக அனுப்பப்படுவோரில் பள்ளி ஆசிரியர்களே அதிகம். கணக்கெடுப்பவரும் கணக்குச் சொல்லித்தருபவரும் ஒரே ஆள். எனவே யார் எண்ணினார்கள், யார் விடுபட்டார்கள், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற மூன்று கேள்விகளும் ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற வேண்டும். இது நம் கோரிக்கைப் பட்டியலில் சேர வேண்டிய ஒன்று.

உங்களுக்குத் தெரிந்த கணக்கு ஆசிரியர் ஒருவராவது இருப்பார். ஹாஃப்மனின் அட்டவணைகளையும் அதற்கு டு பாய்ஸ் கேட்ட கேள்வியையும் அவரிடம் சொல்லுங்கள்.