திருமுடியின் திருக்கோலம்

திருமாலும் நான்முகனும் அடிமுடி தேடிய வரலாற்றை அறியாத அன்பர் இலர். திருவடியைத் தேடி ஏனமாய் நிலத்தை அகழ்ந்தார் ஒருவர். திருமுடியைத் தேடி அன்னமாய் வானில் பறந்தார் மற்றவர். இருவரும் காணாது மீண்டனர். கருவறையின் பின்புறக் கோட்டத்தில் இலிங்கோற்பவராக நாம் வலம்வந்து வணங்கும் மூர்த்தம் இவ்வரலாற்றையே நமக்கு நினைவூட்டுகிறது.

நான்முகனும் காணாத அந்த முடியைக் கல்லிலும் செம்பிலும் காட்டியே தீரவேண்டிய கடமை ஒருவனுக்கு வாய்த்தது. அவனே நம் நாட்டுச் சிற்பி. எவ்வளவு உயர்த்தினால் பொருந்தும், எப்பக்கம் சாய்த்தால் அழகு, எங்கே விரிக்கவேண்டும், எங்கே முடிக்கவேண்டும் என்பவற்றையெல்லாம் அவன் எண்ணி எண்ணித் தெளிந்திருக்கிறான். அவ்வாறு அவன் கண்ட நெறிகளைச் சிறிது சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறைவனைப் பாதாதிகேசமாகத் தரிசிப்பது நம் மரபு. திருவடியில் தொடங்கும் கண் மெல்ல மேலேறித் திருமுடியில் சென்று நிலைபெறுகிறது. ஆயினும், மாலைகளும் கவசங்களும் அணிந்து எழுந்தருளியிருக்கும் உற்சவ மூர்த்தியின் திருமுடியை முழுமையாகக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? திருமஞ்சன காலத்தில், நீர் வழியும் அந்தச் சில கணங்களில்தான் அது வெளிப்படுகிறது. நூற்றாண்டுகள் பலவாக நம் கண்முன் இருந்தும் நாம் நோக்காது விட்ட அழகு அது.

இக்காலத்தில் முடியலங்காரத்தை ஒரு கலையாகப் பயிற்றுவோர் அதற்கு ஐந்து அடிப்படைகளைக் கூறுகின்றனர். அவை அளவு, சமநிலை, லயம், முனைப்பு, இசைவு என்பன. கூந்தலின் பருமன் முகத்துக்கும் உடலுக்கும் ஏற்றதாக இருத்தல் அளவு. இருபுறமும் எடை ஒத்துத் தோன்றுதல் சமநிலை. கண் தடைப்படாது ஓடுமாறு கோடுகள் வளைந்து செல்லுதல் லயம். பார்வை முதலில் சென்று பற்றும் இடம் ஒன்று அமைதல் முனைப்பு. இவையனைத்தும் அணிபவரின் இயல்போடு பொருந்தி ஒன்றாதல் இசைவு. இப்பெயர்களால் இவற்றை நம் சிற்பிகள் வகுத்தார்கள் என்று யாம் கூறவில்லை. ஆனால் அவர்கள் படைத்த திருமேனிகளில் இவ்வைந்தும் குறைவற விளங்குகின்றன.

அவர்கள் பிறந்து வளர்ந்த நாடும் கூந்தலின் அழகை அறிந்த நாடே. மகளிர் கூந்தலைப் பண்டைத் தமிழர் 'ஐம்பால்' என்றே வழங்கினர். ஐந்து வகையாக முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என அவ்வகைகளைக் குறிப்பர். ஓதி, கதுப்பு, கூழை, அளகம் எனக் கூந்தலுக்கு அமைந்த சொற்களும் பல. வீட்டு முற்றத்தில் தாய் தன் மகளுக்குத் தலைவாரிப் பூச்சூட்டிய கைவண்ணத்தைக் கண்டு வளர்ந்தவனே பின்னர் அம்பிகையின் திருமுடியைச் செதுக்கினான் என்பதை நாம் மறத்தலாகாது.

முதலில் அளவை நோக்குவோம். சிற்ப நூல்கள் திருமேனியின் உயரத்தைத் தாலம் என்னும் அளவால் வகுக்கின்றன. முகத்தின் நீளமே தாலத்துக்கு அடிப்படை. முதன்மையான தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலத்தில் திருமேனியின் உயரம் 124 அங்குலமாகப் பகுக்கப்படும். மத்திம தசதாலத்தில் 120 அங்குலமாகவும், அதம தசதாலத்தில் 116 அங்குலமாகவும் பகுக்கப்படும். ஈண்டு அங்குலம் என்பது கடையில் வாங்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்தந்தத் திருமேனியின் உயரத்திலிருந்தே பிறக்கும் பங்கு ஆகும். ஆதலால் படிமம் சாண் அளவினதாயினும் ஆள் உயரத்ததாயினும், முகத்துக்கும் முடிக்கும் உள்ள பொருத்தம் மாறுவதில்லை.

முகத்தின் வடிவைக் கோழிமுட்டைக்கு ஒப்பிடுவது சிற்ப மரபு. வங்க ஓவியர் அவனீந்திரநாத தாகூர் 1914ஆம் ஆண்டில் இந்தியக் கலையின் உறுப்பமைதி பற்றி வெளியிட்ட சிறு நூலிலும் இதனை விளக்கியுள்ளார். இன்றைய அலங்காரக் கலைஞரும் முட்டை வடிவ முகத்தையே நடுநிலையான முகமாகக் கொண்டு, ஏனைய முகங்களை அதனை நோக்கி இட்டுச்செல்வர். வட்டமான முகத்துக்கு உச்சியில் உயரம் கூட்டுவர். நீண்ட முகத்துக்குப் பக்கங்களில் அகலம் கூட்டுவர். உச்சியில் உயர்ந்து எழுவது காண்பவர் கண்ணை மேல்நோக்கி இழுக்கும் என்பதே இதன் உட்பொருள். அகல் விளக்கின் ஒளியில், கருவறைக்கு வெளியே சற்றுத் தொலைவில் நிற்கும் அடியார்க்கு இறைவன் திருமுகம் ஓங்கித் தோன்றவேண்டும் அன்றோ? உயர்ந்த மகுடம் அதனை நிறைவேற்றுகிறது.

மகுடங்கள் பலவகைப்படும். திருவாங்கூரில் தொல்பொருள் ஆய்வாளராக விளங்கிய கோபிநாத ராவ், 1914இல் வெளிவரத் தொடங்கிய தம் பெருநூலில் ஆகமங்களையும் மானசாரத்தையும் ஆராய்ந்து இவற்றைத் தொகுத்துரைத்தார். நாராயணனுக்குக் கிரீட மகுடம் உரியது. அது பொன்னும் மணியும் இழைத்த அரச முடி. தேவியர் பலர்க்குக் கரண்ட மகுடம் உரியது. சிறு குடங்களைக் கவிழ்த்து, மேலே செல்லச் செல்லச் சிறுத்து வருமாறு அடுக்கினாற்போன்றது அது. கலைமகளுக்குக் கேசபந்தம் கூறப்படுகிறது. அது கூந்தலையே வாரி முடிந்த கோலம். நான்முகனுக்கும் உருத்திரனுக்கும் உரியது சடாமகுடம்.

இவற்றுள் சடாமகுடம் தனியே சிந்திக்கத்தக்கது. ஏனைய மகுடங்கள் தலைமேல் வைப்பன. இதுவோ தலையிலிருந்தே எழுவது. எண்ணெயும் சீப்பும் காணாத தவசியின் சடையே அரச முடியின் வடிவாக உயர்ந்து நிற்கிறது. எல்லாம் துறந்தவனே எல்லாவற்றுக்கும் அரசன் என்னும் பெரும்பொருளைச் சிற்பி ஒரு சொல்லும் சொல்லாமல் காட்டிவிடுகிறான்.

இரண்டாவது சமநிலை. இருபுறமும் ஒரே வடிவாக அமைவது மட்டுமே சமநிலை என்று எண்ணுதல் கூடாது. மாதொரு பாகனைக் காண்மின். வலப்பாதியில் சடாமகுடம்; இடப்பாதியில் கரண்ட மகுடமோ, வகிர்ந்து வாரிய கூந்தல் முடிச்சோ அமையவேண்டும் என்பது விதி. ஒருபுறம் முறுக்கேறிய சடைப்புரிகள். மறுபுறம் மென்மையாகப் படிந்த குழல். இரண்டும் வேறு, ஆயினும் ஒரு தலை. ஒன்றை மற்றொன்றாக்காமலே இரண்டையும் நிறுத்தும் சமநிலை இது. இல்லறத்துக்கும் இது நல்லதோர் பாடம்.

ஆண்டாள் நாச்சியாரின் கொண்டையும் இவ்வாறே. அது உச்சியில் நேரே நில்லாமல் ஒருபக்கம் சாய்ந்து விளங்குகிறது. மும்மடி வளைவாக நிற்கும் திருமேனியில் இடுப்பு ஒருபுறம் அசைய, கொண்டையின் சாய்வு அதற்கு ஈடு செய்கிறது. நடுவில் நட்ட கொண்டையால் இந்த உயிரோட்டம் வாராது.

மூன்றாவது லயம். சிவபெருமான் ஒருவனே, அவன் சடையோ செயலுக்கேற்ப மாறுகிறது. சந்திரசேகரராக அசைவின்றி நேர் நிற்கையில் சடை மகுடமாகக் கட்டப்பெற்று ஓங்கியிருக்கிறது. கல்லால மரத்தின்கீழ் மோனத்தில் அமர்ந்து ஞானம் உரைக்கையில் சடை தளர்ந்து பாரமாகப் பரவுகிறது. பலிக்கு உழலும் பிட்சாடனராக வருகையில் தலையைச் சூழ்ந்து வட்டமாக விரிகிறது. வைரவராகச் சினக்கையில் தீக்கொழுந்தாக மேலெழுகிறது. கூத்தப்பிரானாக ஆடுகையில் இருபுறமும் புரிபுரியாகப் பறந்து விரிகிறது. அப்புரிகளின் இடையே கங்கையாள் கைகூப்பி நிற்கிறாள். திருவடி எவ்வளவு விரைவாகச் சுழல்கின்றது என்பதைச் செம்பினால் எப்படிச் சொல்வது? பறக்கும் சடையைக் காட்டிச் சொன்னான் சோழநாட்டுச் சிற்பி. திருமுகத்தில் மட்டும் அசைவில்லை. அங்கே புன்முறுவலே உள்ளது.

நான்காவது முனைப்பு. இதற்குத் திருவெண்காட்டு இடபவாகனரே சிறந்த சான்று. முதலாம் இராசராசன் காலத்தில், 1011ஆம் ஆண்டில் எழுந்தருளுவிக்கப்பெற்ற செப்புத் திருமேனி இது. தேவியின் திருமேனி அதற்கு அடுத்த ஆண்டில் அமைந்தது. நெடுங்காலம் மண்ணுள் மறைந்திருந்து, 1950களின் தொடக்கத்தில் வெளிப்பட்டுத் தஞ்சைக் கலைக்கூடத்தை அணிசெய்கிறது. இப்பெருமானுக்கு இரண்டே திருக்கரங்கள். மழுவும் மானும் இல்லை. சாய்ந்து நின்ற விடையும் இன்று இல்லை. அரையாடையும் எளிது. இவரை ஈசன் என்று காட்டுவது எது? அரவுகள் பின்னிக் கிடக்கச் சடையையே தலைப்பாகைபோலச் சுற்றிய திருமுடிதான். மேனி முழுவதும் அணிகளைச் சொரியாமல், ஓரிடத்தில் மட்டும் தன் திறமெல்லாம் குவித்தான் சிற்பி. கண் நேரே அங்கே செல்கிறது. பின்னர் திருமுகத்தில் இறங்கி அமைகிறது.

இதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது திருச்சிராப்பள்ளி மலைமேல் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில். அங்கே கங்காதரர் தம் சடையின் ஒரு புரியைத் திருக்கையால் ஏந்தி, மேலிருந்து இறங்கும் கங்கையை ஏற்கின்றார். பெருவெள்ளத்தைத் தாங்க ஒரு சடைப்புரி போதும் என்பதே அச்சிற்பத்தின் செய்தி.

ஐந்தாவதும் முடிவானதும் இசைவு. கங்கைகொண்ட சோழபுரத்துக்குச் செல்லும் அன்பர்கள் வடக்கு வாயிற்படியை அடுத்த கோட்டத்தின்முன் சற்று நிற்பார்களாக. 1012 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த கோயில் அது. சேய்ஞலூரில் ஆநிரை மேய்த்த சிறுவன், மணலால் இலிங்கம் அமைத்துப் பால் ஆட்டினான். பாற்குடத்தைக் காலால் இடறிய தந்தையை அவன் தண்டித்தான். அவனை இறைவன் மகனாக ஏற்று, தம் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்துச் சூட்டினார் என்பது பெரியபுராண வரலாறு. அம்மையுடன் அமர்ந்த பெருமான், கைகூப்பித் தலைதாழ்த்திய சண்டேசரின் முடியைச் சுற்றி இரு திருக்கரங்களாலும் மாலை சுற்றுகிறார். இராசேந்திரன் தான் பெற்ற வெற்றிமுடியையே இவ்வாறு குறிப்பால் உணர்த்தினான் என்று கருதும் அறிஞரும் உளர். நமக்கோ, குழந்தைக்குத் தலைமுடித்துப் பூச்சூட்டும் தாயின் கைகளே அங்குத் தோன்றுகின்றன. அளவும் சமநிலையும் லயமும் முனைப்பும் இங்கே அன்பில் கரைந்துவிடுகின்றன. அதுவே இசைவு.

இதற்கு மறுதலையாக விளங்குவது திருவில்லிபுத்தூர் வரலாறு. அங்கே ஆண்டவன் அடியார்க்குச் சூட்டவில்லை. அடியார் தம் கூந்தலில் சூடிக் களைந்த மாலையை ஆண்டவன் விரும்பி ஏற்றான். அந்நாச்சியார் சூடிய மாலை இன்றும் திருவேங்கடத்துப் பிரமோற்சவத்துக்கும், மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. இறைவன் முடியிலிருந்து அடியார் முடிக்கு ஒரு மாலை; அடியார் முடியிலிருந்து இறைவனுக்கு ஒரு மாலை. சைவமும் வைணவமும் ஒரே உண்மையை இரு பக்கத்திலிருந்தும் சொல்லுகின்றன.

இனி, திருப்பணிச் செல்வர்கள் திருமுன் ஒரு விண்ணப்பம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊரில், திருப்பணி நிறைவுற்ற விமானத்தை அண்ணாந்து நோக்கினேன். தென்புறத்தில் ஆலமர் செல்வரின் பழைய சுதையுருவில் தோள்மேல் பரவிக் கிடந்த சடையைக் காணவில்லை. அதனிடத்தில் பளபளக்கும் வண்ணத்தில் ஒரு கிரீடம் இருந்தது. செய்தவர் கைத்திறம் அற்றவர் அல்லர். கொடுத்தவர் பக்தியில் குறைந்தவரும் அல்லர். சடையின் பொருளை அவர்க்கு எடுத்துச் சொல்வார் இல்லை, அவ்வளவே. மோனத் துறவி அங்கே முடியரசராகி விட்டார்.

கல்லைத் துலக்குவதற்கு மணலை வேகமாகப் பீய்ச்சும் முறை முன்னர்ப் பல கோயில்களில் கையாளப்பட்டது. அழுக்கோடு கல்லின் மேற்பரப்பையும் அது அரித்துவிடும். அப்போது முதலில் அழிவன எவை? உளியின் நுனியால் இழை இழையாகக் கீறிய கூந்தல் கோடுகளும், நெற்றியோரத்துச் சுருள்களுமே அல்லவா? செப்புத் திருமேனிகளை முரட்டுப் பொருள்களால் அடிக்கடி தேய்ப்பதாலும் இவ்விழைகள் மழுங்கும். ஆயிரம் ஆண்டு நின்ற ஓர் இழை ஒரு நாளில் மறைந்தால், எத்தனை பொன் கொடுத்தும் மீட்டல் அரிது.

ஆதலின், திருப்பணி தொடங்கும் முன் ஒவ்வொரு மூர்த்தத்தையும் முன்புறமும் பின்புறமும் புகைப்படம் எடுத்து வைப்போமாக. மூர்த்தி யார், அவர்க்குரிய முடி எது என்று ஆகமம் வல்லாரையும் மரபுவழிச் சிற்பியரையும் கேட்டறிவோமாக. புதுமை செய்வதினும் உள்ளதைக் காப்பதே பெரும் புண்ணியம் என்று கொள்வோமாக.

கும்பாபிஷேக நன்னாளில் விமானத்தின் முடியாகிய கலசத்தில் புனித நீர் சொரியக் காண்கின்றோம். அந்நீர் விமானத்தின் வழியே இறங்குவதுபோல, அடுத்துவரும் திருமஞ்சனத்தில் பெருமானின் திருமுடியிலிருந்து திருவடி வரை நீர் இறங்கும். அவ்வேளையில் அன்பர்கள் ஒருகணம் திருமுடியையும் உற்று நோக்குவார்களாக. நான்முகன் பறந்தும் காணாததை, பெயரறியாச் சிற்பி ஒருவன் நமக்காகக் காட்டி வைத்திருக்கிறான். அதனைக் கண்டு, காத்து, நம் மக்களுக்கும் காட்டுவது நம் கடன்.