சட்டையைக் கழற்றி நின்ற வரிசை

போன வாரம் மக்களைத் தேடி மருத்துவத்தில் இருந்து வந்த பெண், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிட்டு, "காலைக் காட்டுங்க ஐயா, புண் ஏதும் இருக்கா?" என்றார். உள்ளங்காலைத் தூக்கிக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கே இப்படி! அன்று இரவு பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக வந்தன.

1964-ல் நான் ஐந்தாம் வகுப்பு. திருவரங்குளம் பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் தொழுநோய் ஆய்வாளர் சைக்கிளில் வந்தார். பையன்களைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, வெயில் முதுகில் படும்படி வரிசையாக நிறுத்தினார். வெளுத்த தேமல் இருந்தால், கண்ணை மூடச் சொல்லி இறகால் அதன் மேல் தொடுவார். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். என் பக்கத்தில் நின்றவனால் காட்ட முடியவில்லை. ஆய்வாளர் அவனைத் தனியே அழைத்து, மாத்திரை இலவசம், அப்பாவைக் கூட்டி வா என்று தன்மையாகத்தான் சொன்னார். மறுநாள் முதல் அவன் பள்ளிக்கு வரவில்லை. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வீடு. 'பெருநோய்' என்ற சொல் வெளியே போகக்கூடாது என்று அவனை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பல வருடம் கழித்துப் புதுக்கோட்டை பேருந்து நிலையத்தில் அவனைப் பார்த்தேன். விரல்கள் மடங்கிப் போயிருந்தன.

மருந்து இல்லாததால் அல்ல. அதற்கு முன் நீரடிமுத்து எண்ணெய் ஊசிதான் கதி என்பது உண்மை. ஆனால் 1940களிலேயே செங்கல்பட்டை அடுத்த திருமணி மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்து, குணம் கண்டிருந்தார். 1955-ல் அரசின் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டமும் தொடங்கிவிட்டது. மருந்து ஊர் வாசல் வரை வந்தும், வெட்கம் கதவைச் சாத்திவிட்டது.

1990களில் நானே ஆசிரியராக நின்று பிள்ளைகளை வரிசைப்படுத்தினேன். அப்போது தாய்மார்களே, "சார், இவன் முதுகுல ஒரு தேமல் இருக்கு, பாக்கச் சொல்லுங்க" என்று வந்தார்கள். இடையில் என்ன நடந்தது? 1982-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. மறு ஆண்டு முதல் அது நம் நாட்டிலும் படிப்படியாக வந்தது. ஆண்டுக்கணக்கில் விழுங்கிய மாத்திரை போய், குறிப்பிட்ட மாதங்களில் சிகிச்சை முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குணமானதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜனங்கள் சட்டையைக் கழற்றினார்கள். சுவரில் எழுதிய வாசகத்தைவிட அதற்குத்தான் பலம் அதிகம். 2005 டிசம்பர் நிலவரப்படி, பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே நோய் குறைந்துவிட்டதாக அரசு அறிவித்தது.

அதன்பின் பள்ளியில் அந்த வரிசையும் அருகிப் போனது. தோலைப் பார்க்கும் பழக்கமும் போயிற்று.

2009-ல் என் சித்தப்பாவின் குதிகாலில் ஒரு கரும்புள்ளி. வயலில் செருப்பில்லாமல் நடந்தவர். "முள்ளு குத்தி ரத்தம் கட்டியிருக்கு" என்றார். நாங்களும் நம்பினோம். பிளேடால் சீவிச் சுண்ணாம்பு வைத்தார். ஒரு வருடம் ஓடியது. தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகுதான் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். 'மெலனோமா', தோல் புற்றுநோய் என்றார்கள். அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களுக்கு வருவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நம்மிடம் குறைவு என்பது சரிதான். ஆனால் நம் போன்ற நிறத்தவருக்கு மெலனோமா வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. ஆறாத பழைய புண்ணிலும் தீக்காயத் தழும்பிலும் வேறு வகைத் தோல் புற்று வரலாம். வேட்டியை இறுக்கிக் கட்டும் இடுப்பில் வரும் புற்றைப் பற்றி, பம்பாயில் டாக்டர் கனோல்கர் 1945-லேயே எழுதியிருக்கிறார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர்தான். அப்படி இருந்தும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இது தெரியவில்லை.

ஜெர்மனியில் 2008 முதல், 35 வயது கடந்தவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தோல் பரிசோதனை உண்டு. அதே சமயம், அறிகுறியே இல்லாத எல்லோரையும் சோதிப்பதன் பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நிபுணர் குழு 2023-ல் சொன்னது. நம் நாட்டில் 30 வயதுக்கு மேல் அரசு பார்ப்பது வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுகளைத்தான். தோல் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஊருக்கெல்லாம் முகாம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

குளித்துவிட்டுத் துவட்டும்போது உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் நகத்தையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதாக வந்த கரும்புள்ளி, பரவும் மச்சம், ஒரு மாதமாகியும் ஆறாத புண் எதுவானாலும் பிளேடை எடுக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பெண் அடுத்த மாதம் வருவார். இந்த முறை அவர் கேட்கும் முன்பே காலை நீட்டிவிடுவதாக இருக்கிறேன்.